குடுவைக்குள் விழுந்த திருநீறு

குடுவையில் இருந்த கரைசல் மஞ்சளில் இருந்து கேசரி நிறத்துக்கு மாற வேண்டும். இருபது நிமிடத்தில் மாறிவிடும். நூறு தடவையாவது நான் அதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் நின்று பாராவிட்டாலும், போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் சமர்த்தாக மாறியிருக்கும்.

அன்று என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாமவர் என் கைடு காலே மேடம். மராத்திக்காரர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் அப்போதே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பதினைந்தாவது நிமிடம் ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு தெரிந்தது. பதினெட்டாவது நிமிடம் குடுவை முழுக்க இரண்டாம் டிகாக்ஷன்.

"இன்று ஈரப்பதம் கொஞ்சம் அதிகம் போல," என்றார் தொண்டையைச் செருமியவர், நல்ல மனிதர். வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் அப்படிப் பரிந்து பேசியதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

நான்கு வருஷ வேலை

சங்கதி இதுதான். செம்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் வேதியியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இன்னும் வேலை பார்ப்பவர்கள் போன் பண்ணுவார்கள். என் வேலை ஒரு சாயம் தயாரிப்பது. நோயுள்ள செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு, விளக்கைக் காட்டினால் மினுங்கும் சாயம். மருத்துவர்களுக்கு உபயோகப்படலாம் என்று நம்பினோம்.

அதைத் தயாரித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, மாதக்கணக்காக. கட்டுரையும் எழுதியாகிவிட்டது. ஆனால் காலே மேடத்துக்கு ஒரு விதி உண்டு. கட்டுரை வெளியே போகுமுன், அதே சோதனையை அதே குறிப்பேட்டைப் பார்த்து வேறொருவர் செய்துகாட்ட வேண்டும்.

அந்த வேறொருவர் என்னோடு படித்த வசந்த். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பம். அவன் செய்தான், பழுப்பு. மறுபடி செய்தான், பழுப்பு. பதினோரு தடவை செய்தான். பதினோரு பழுப்பையும் வரிசையாக ஜன்னலோரம் அடுக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"முத்து, எனக்கு வரவே மாட்டேங்கறது. நீ என்னமோ மறைக்கறே."

"என்னத்த மறைக்கேன்? நோட்டுல இருக்கறதத்தான் செய்யேன்."

நான் அவன் கண்ணெதிரிலேயே செய்தேன். கேசரி. அவன் பக்கத்து மேஜையில் அதே பாட்டில்களை வைத்துச் செய்தான். பழுப்பு. அவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கேள்வித்தாளை எழுதி ஒருத்தி மட்டும் பாஸானால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிறகு விஷயம் மேலே போனது. எங்கள் துறையில் ஒருத்தி கையில் மட்டும் வரும் சோதனைக்கு இரண்டே பெயர். ஒன்று அதிர்ஷ்டம், மற்றொன்று மோசடி. அதிர்ஷ்டத்துக்கு டாக்டர் பட்டம் தருவதில்லை. அதனால்தான் அந்த மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் எதிரே என் கையிலும் பழுப்பு வந்துவிட்டது.

காலே மேடம் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி மேஜைமேல் இருந்தது. "முத்து, சச் போல்," என்றார். உண்மையைச் சொல். "இத்தனை மாதம் நீ எழுதியதெல்லாம் நிஜமாக நடந்ததா?"

நடந்தது என்றேன். இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சாயம் போச்சு, பட்டம் போச்சு. பொய்க்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். பெண்கள் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

தீராத சம்படம்

இங்கே என் அம்மாவின் திருநீற்றுச் சம்படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவசரப்படுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கதை நகராது.

நாங்கள் இருந்தது தாராவியில், ஒரு சாலில், அதாவது குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாகக் கட்டிய மாடிக் கட்டிடத்தில், மாடிப்படியை ஒட்டிய அறை. அப்பா பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டித் தைக்கும் டெய்லர். அம்மாவிடம் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படம் ஒன்று உண்டு. அதில் திருச்செந்தூர்த் திருநீறு. வேறு எந்த ஊர்த் திருநீறும் எங்கள் வீட்டில் செல்லாது. அப்பா ஒரு தடவை கடையில் பாக்கெட் வாங்கி வந்தபோது, அம்மா மோந்து பார்த்தே அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வெளியே கிளம்பும் யாரும் அதைப் பூசாமல் படியிறங்க முடியாது. என் சோதனைகளுக்காக அம்மா தனியாக ஒரு காகிதத்தில் மடித்துத் தருவாள். "வேலைய ஆரம்பிக்கும்போது ஒருக்கா வச்சுக்கோட்டி. வேர்வையில காலைல வச்சது அழிஞ்சிரும்லா."

அந்தச் சம்படத்தில் ஓர் அதிசயம் இருந்தது. நான் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு நாங்கள் ஊருக்கே போகவில்லை. ஆனாலும் திருநீறு தீரவில்லை. அடி தெரியும், மறுபடி பார்த்தால் பாதிக்கு இருக்கும். அம்மா முதலில் தனக்குள் வைத்திருந்தாள். பிறகு கீழ்வீட்டுச் செல்வி அக்காவிடம் சொன்னாள். செல்வி அக்காவிடம் சொன்னால் வடாலா வரைக்கும் சொன்ன மாதிரி. பரீட்சை, இன்டர்வியூ, பெண்பார்க்கும் படலம் எல்லாவற்றுக்கும் எங்கள் அறை வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. ரேஷன் ஆபீஸுக்குப் போகிறவர்கூட வந்து பூசிக்கொண்டு போனார்.

ஒரு ஜூன் மாதம் அந்தத் திருநீறு லேசாக நீலம் பாரித்திருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மயிலு! மயிலு நெறம்டி! முருகன் வந்து போயிருக்கான்." அன்று சால் முழுவதும் வரிசையில் நின்றது. நான் விஞ்ஞானம் படித்தவள். சிரித்தேன். ஆனால் நானும் பூசிக்கொண்டுதான் போனேன்.

அந்த வாரம் என் சாயத்தில் ஒரு நீலத் துளி மின்னியது. என்ன என்று மேடம் கேட்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பாட்டில் சுத்தமில்லை' என்று எழுதி வைத்தேன்.

கையுறை

தோற்றுப்போன அன்று வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. என் முகம் தெரியும்.

"துன்னூறு வச்சியாட்டி?"

"அம்மா, பேசாம இரு."

"வச்சியா வைக்கலியா?"

"பெரிய பெரிய ஆளுங்க வந்து நிக்காங்க. அவங்க முன்னால நெத்தியில பூசிக்கிட்டா நிக்க முடியும்? வைக்கல."

"பாத்தியா," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா குழம்பைக் கிளறப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழம்பைச் சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன்.

மறுநாள் காலை சயன் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அன்று செய்ததை ஒன்றொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வழக்கமாக என்ன செய்வேன்? காகிதத்தைப் பிரிப்பேன். விரலால் தொட்டு நெற்றியில் வைப்பேன். அதே விரலால், கரைசலைக் கலக்கும் காந்தத்தை எடுத்துக் குடுவைக்குள் போடுவேன். அது ஒரு மாத்திரை அளவு வெள்ளைக் குச்சி. அப்புறம்தான் கையுறை மாட்டுவேன்.

அந்த மூன்று பேர் முன்னால் என்ன செய்தேன்? திருநீறு இல்லை. கதவைத் திறந்தவுடனே கையுறை. ஆராய்ச்சிக்கூடத்துச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கும் விதிப்படி எல்லாம் சுத்தமாக. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒழுங்காகச் செய்திருக்கிறேன், அதனால்தான் கெட்டுப்போயிருக்கிறது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஓடி, அம்மா பார்க்காதபோது சம்படத்தில் இருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

வசந்தின் நெற்றி

வசந்திடம் சொன்னதும் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "விபூதியா? முத்து, இதை எங்காத்துல சொல்லிடாதே. எங்கம்மா நாளைக்கே அபிஷேகத்துக்கு ஏற்பாடு பண்ணிடுவா."

அவனையே செய்யச் சொன்னேன். விரலில் தொட்டு, காந்தத்தை எடுத்து, குடுவையில் போட்டான். இருபது நிமிடம் இருவரும் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கேசரி நிறம் வந்தது. பதிமூன்றாவது தடவை வசந்த் பாஸ். இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து அறை டெக்னீஷியன் தீயணைப்பு வாளியோடு ஓடிவந்தார்.

ஆனால் அவன் சும்மா இருப்பவன் இல்லை. "ஒரு விபூதி போறாது. ஒப்பிட்டுப் பாக்கணும்," என்றான். மறுநாள் அவன் வீட்டு விபூதி டப்பாவோடு வந்தான். பழுப்பு. என் அத்தை அந்த வாரம்தான் திருச்செந்தூரில் இருந்து பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். சம்படத்தில் இன்னும் கிடக்கிறதே என்று அம்மா அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தாள். அதில் ஒரு சிட்டிகை திருடினேன். அசல், கை படாத திருச்செந்தூர்த் திருநீறு. பழுப்பு!

அம்மாவின் சம்படம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேசரி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான்கு வருஷப் படிப்பையும் மீறி, முருகன் வந்து போயிருக்கிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். வசந்த் அப்படி நினைக்கவில்லை. மாதிரியை எக்ஸ்-ரே கருவியில் வைத்தான். தாளில் கோடுகள் வந்ததும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"முத்து, கோவிச்சுக்காதே. இது விபூதியே இல்லே. சாக்பீஸ். துளி நீலச் சாயம் கலந்திருக்கு."

பட்டறையில்

மயில் நிறம் வந்த அந்த ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. யூனிஃபார்ம் சீசன். வெள்ளைச் சட்டையில் கோடு போட நீலச் சாக்பீஸ். நீலப் பாவாடையில் கோடு போட வெள்ளை. நேரே பட்டறைக்குப் போனேன். அப்பா கழுத்தில் டேப்போடு ஒரு பாவாடைத் துணியில் குனிந்திருந்தார். கையில் அந்த வெள்ளைக் கட்டி.

"அப்பா, சம்படத்துல என்ன இருக்கு?"

அப்பா நிமிரவில்லை. கோடு கோணியது. இத்தனை வருஷத்தில் அப்பா போட்ட கோடு கோணி நான் பார்த்ததில்லை.

"நீ அங்க சேரப் போற மொத நாளு," என்று துணியைப் பார்த்தே சொன்னார். "அம்மா கொழாயடிக்குத் தண்ணிக்குப் போயிருந்தா. நான் சட்டைய எடுக்கேன்னு கை தட்டி, சம்படம் கவுந்திருச்சு. தரையெல்லாம் ஈரம். ஒரு பொட்டு மிஞ்சல. துன்னூறு வைக்காம உன்னய அனுப்ப மாட்டா. கடையில வாங்கினா மோந்தே கண்டுபிடிச்சிருவா. பாக்கெட்டுல இந்தக் கட்டி கெடந்துச்சு. பிளேடால சொரண்டி, கொஞ்சம் ஜவ்வாதப் போட்டு…"

"நாலு வருஷமாவா?"

"ஒருக்கா செஞ்சா நிறுத்த முடியலியேம்மா. தெருவே வந்து பூசுது. நான் என்ன செய்ய?"

"அந்த மயில்?"

"வெள்ளக் கட்டி தீந்துபோச்சு," என்றார் அப்பா மிகவும் தாழ்ந்த குரலில்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அம்மா மேல் அவருக்கு அவ்வளவு பயம், அவ்வளவு பிரியம். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

"அப்பா, இத நான் நோட்டுல எழுதியாகணும். புஸ்தகமா போட்டு சபையில சொல்லணும். சொல்லலன்னா என்னையப் பொய்க்காரிம்பாங்க."

அப்பா யோசித்தார். "இங்கிலீஷுலதான எழுதுவ?"

"ஆமா."

"அப்பம் எழுது."

குறிப்பேட்டில் இல்லாத விரல்

காலே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் திட்டினார். திருநீற்றுக்காக இல்லை, எழுதாமல் விட்டதற்காக. "உன் விரல் ஒரு வேதிப்பொருள், முத்து. அதைக் குறிப்பேட்டில் காணோமே!" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

காரணம் மிகவும் சாதாரணம். எங்கள் குடுவைகளை ஆசிட் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவோம். எவ்வளவு கழுவினாலும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஆசிட் ஒட்டியிருக்கும். என் சாயத்துக்கு அது ஆகவே ஆகாது, கெட்டுப்போகும். சாக்பீஸ் சுண்ணாம்பு வகை, ஆசிட்டைத் தின்றுவிடும். நன்றாகக் கழுவி வடித்த அசல் திருநீற்றில் அந்தச் சுண்ணாம்பு போதவில்லை.

அதே மூன்று பேர் மறுபடி வந்து நின்றார்கள். அப்பாவின் வெள்ளைக் கட்டியைச் சுரண்டி, எடை போட்டு, கையுறை மாட்டிய கையால் போட்டேன். கேசரி. தொண்டையைச் செருமுபவர் இந்தத் தடவை கைதட்டினார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று ஐரோலியில் ஒரு கம்பெனியில் எனக்குக் கீழே ஏழெட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். எதையும் எழுதாமல் விடாதே என்று நான் கத்தும் கத்தலுக்கு, முதுகுக்குப் பின்னால் எனக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

சபையில்

பட்டத்துக்கான கடைசித் தேர்வு எல்லாரும் வந்து உட்காரலாம் என்ற வகை. அம்மா பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, அதற்குள் சம்படம். அவள் கொடுத்த திருநீறு குடுவையில் விழுந்ததால்தான் சாயம் வந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பா அவளுக்குப் பக்கத்தில், தானே தைத்த சட்டையில், நீதிமன்றத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். அம்மா ஒரு வார்த்தை புரியாமல் பெருமையாகத் தலையாட்டினாள். எல்லாம் முடியும் நேரத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் தாளைப் புரட்டி, இந்தக் கால்சியம் கார்பனேட்டை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

'ஒரு உள்ளூர்க் கடை' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குறிப்பேட்டில் எழுதாத ஒரு விரலுக்காக நான் பட்டது போதும் என்றிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டெய்லர்ஸ் சாக், சார். ஃப்ரம் தாராவி."

சபை சிரித்தது. பரிசோதகரும் சிரித்தார். முக்கால் மணி நேரத்தில் அம்மாவுக்குப் புரிந்த வார்த்தைகள் அவை மட்டும்தான். டெய்லர் தெரியும். சாக்பீஸ் தெரியும். தாராவி தெரியும். மடியில் இருந்த கைப்பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள்.

எனக்குப் பட்டம் உண்டு என்று அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவின் கை மட்டும் காற்றில் பாதியில் நின்றது.

மூன்று பேர், ஒரு ரிக்‌ஷா

திரும்பும்போது அம்மா என்னை நடுவில் உட்காரவைத்தாள். சுன்னாபட்டி சிக்னலில் வண்டி நின்றபோது, என்னைத் தாண்டி அப்பாவிடம் பேசினாள்.

"மயிலுன்னு சொன்னனே. தெருப் பூரா மயிலுன்னு சொன்னனே! ஏங்க, அப்பமாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ கன்னத்துல போட்டுக்கிட்ட."

அம்மா வெளியே பார்த்தாள். பிறகு, "அப்பம் நெசத் துன்னூறு வச்சிருந்தா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஃபெயிலும்மா," என்றேன்.

அம்மா கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அது கோபமா, வருத்தமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் செல்வி அக்கா மகளோடு காத்திருந்தாள். மகளுக்கு நாளைக்குப் பரீட்சை. அப்பா படியிலேயே நின்றுவிட்டார். நானும் நின்றேன். இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதானே அவர் நான்கு வருஷம் கட்டி சுரண்டினார்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். கைப்பையில் இருந்து சம்படத்தை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு கணம் உள்ளே பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையைக் கிட்டே இழுத்து, எப்போதும் போல மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசிவிட்டாள். "போயி நல்லா எழுது. நம்ம முத்துவுக்கு இன்னைக்கு டாக்டர் பட்டம் இதுலதான் கெடச்சிருக்கு."

செல்வி அக்கா சம்படத்தையே கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் படியிறங்கி மறைந்ததும் அம்மா சம்படத்தைத் தட்டி மூடி அப்பா கையில் திணித்தாள்.

"அடி தெரியுது. நாளைக்கு நாலு பிள்ளைய வருதுவ. வெள்ளக் கட்டியாப் பாத்து சொரண்டுங்க."